கண்ணபிரான்: வழக்கு மன்றத்தில் ஒரு வாழ்வு



தருமபுரியில் கூடியுள்ள ஓர் இலக்கிய அவையில், ஐதராபாத்தில் வழக்காடிய ஒருவரைப் பற்றி உரை எதற்கு என்ற ஐயம் சிலருக்கு எழலாம். அதற்குக் காரணங்கள் மூன்று உண்டு. முதலாவது, அவர் மதுரையில் பிறந்த தமிழர். ஆயினும் தமிழ் வாசகர்கள் அவரை அதிகம் அறிந்திலர். இரண்டாவது, அவர் காத்து நின்ற மனிதர்களுள் கவிஞர்களும் எழுத்தாளர்களும் இருந்தனர். அவர்களுடைய எழுத்தே அவர்களுக்கு எதிரான சான்றாக நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. அவர் வாழ்நாள் முழுவதும் விடாமல் கேட்ட ஒரு கேள்வி, இத்தருமபுரி மண்ணிலும் கேட்கப்பட்ட கேள்வியாகும். அரசின் கையால் ஒரு மனிதன் மாண்டால், அந்தச் சாவை விசாரிப்பது யார்? கேள்வி எளியது. ஆனால் அதைக் கேட்டவர்கள் கொடுத்த விலை எளியதன்று.

கே.ஜி. கண்ணபிரான் 1929 நவம்பர் 9-ஆம் நாள் மதுரையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். பொருளாதாரமும் சட்டமும் பயின்றார். 1960-களின் தொடக்கத்தில் ஐதராபாத் சென்று அங்கேயே வழக்கறிஞராக நிலைகொண்டார். பணமும் பெயரும் ஈட்டி, வழக்கறிஞர் பலரைப் போல அமைதியாக வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆனால் அவர் நிலைகொண்ட காலமும் இடமும் அதற்கு இடந்தரவில்லை. 1960-களின் இறுதியில் ஸ்ரீகாகுளம் மலைப்பகுதியில் பழங்குடி மக்களின் எழுச்சி தோன்றியது. அதை ஒடுக்கக் காவல்துறை இறங்கியது. அதன் தொடர்ச்சியாகப் பார்வதிபுரம் சதி வழக்கு வந்தது. அரசியல் கைதிகளுக்காக வாதாடும் பணி அவரைத் தேடி வந்தது. அது பின்னர் அவரை விட்டு நீங்கவே இல்லை.

இலக்கிய வட்டத்தார் அவசியம் அறிய வேண்டிய வழக்கு, 1974-இல் தொடுக்கப்பட்ட செகந்தராபாத் சதி வழக்கு. 1970-இல் தெலுங்குப் புரட்சி எழுத்தாளர்கள் கூடி 'விப்லவ ரசயிதல சங்கம்' என்ற அமைப்பைத் தோற்றுவித்திருந்தனர். சுருக்கமாக 'விரசம்' என்பார்கள். அச்சங்கத்தைச் சேர்ந்த கே.வி. ரமணா ரெட்டி, திரிபுரனேனி மதுசூதன ராவ், செரபண்ட ராஜு, வரவர ராவ், எம்.டி. கான், எம். ரங்கநாதம் ஆகியோர் அவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களுள் இருந்தனர். அவர்கள் எழுதியதும் பேசியதும் அரசைக் கவிழ்க்கும் சதியின் பகுதி என்பது அரசுத் தரப்பின் வாதம். ஒரு கவிதையைப் படித்தவன் ஆயுதம் எடுத்தால், கவிஞனும் ஆயுதம் எடுத்தவன் ஆவானா? நீதிமன்றத்தின் முன் நின்ற வினா இதுதான்.

எதிரிகள் தரப்பில் வாதாடியவர்களுள் கண்ணபிரான் முக்கியமானவர். வழக்கு பதினைந்து ஆண்டுகள் இழுத்தது. 1989-இல் அனைவரும் விடுதலை செய்யப்பட்டனர். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பைக் கேட்கச் செரபண்ட ராஜு உயிரோடில்லை. அவர் 1982-இலேயே நோயுற்று மறைந்துவிட்டார். விடுதலை என்ற சொல் எழுதப்படும் முன்பே தண்டனை முடிந்துவிட்டது. வழக்கையே தண்டனையாக ஆக்கும் இந்த முறை அன்றோடு ஒழிந்ததும் இல்லை. அதே வரவர ராவ், எழுபத்தேழு வயதில், 2018-இல் பீமா கோரேகாவ் வழக்கில் மீண்டும் கைதானார். அவரோடு அவ்வழக்கில் சிறைப்பட்டவர்களுள் சுரேந்திர காட்லிங், சுதா பரத்வாஜ் என்ற வழக்கறிஞர்களும் உண்டு. வாதாடியவர்களையே எதிரிகளாக நிறுத்தும் நிலை இது.

வழக்கு என்று ஒன்று இருந்தால் வாதாடலாம். வழக்கே இல்லாமல் ஒருவன் கொல்லப்பட்டால்? கண்ணபிரானின் வாழ்வைத் திசைதிருப்பிய வினா இது.

'மோதல்' என்று செய்தித்தாள்கள் எழுதும் சொல்லின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும். ஒருவன் காவல்துறையினரால் சுடப்பட்டு இறக்கிறான். உடனே காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை ஒன்று எழுதப்படுகிறது. அதில் குற்றவாளி யார்? இறந்தவனே. அவன் காவலரைக் கொல்ல முயன்றான் என்று, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 307-ஆம் பிரிவில் வழக்குப் பதிவாகும். குற்றம் சாட்டப்பட்டவன் இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்று கோப்பு மூடப்படும். சுட்டவர் தற்காப்புக்காகச் சுட்டாரா, பிடித்துக் கட்டி வைத்துச் சுட்டாரா என்பதை எந்த நீதிமன்றமும் பார்க்காது. ஒரு கொலை நடந்ததா என்ற கேள்வியே எந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத ஒன்றை எப்படி விசாரிப்பது?

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய கதையன்று. மதுரையில் கோவலன் மாண்டது இப்படித்தான். பொற்கொல்லன் சொன்னான், அரசன் ஆராயவில்லை, காவலர் சென்றனர். இவன் கள்வனைப் போல் தோன்றவில்லையே என்று அவர்களுள் ஒருவன் தயங்கியதையும் இளங்கோவடிகள் பதிவு செய்கிறார். ஆனால் குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான். விசாரணை கொலைக்குப் பிறகுதான் நடந்தது. கண்ணகி பாண்டியன் அவையில் அழுது மன்றாடியிருந்தால் அது வெறும் துயரக் கதையாகியிருக்கும். அவளோ சான்று காட்டினாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம், உன் சிலம்பின் பரல் என்ன என்று கேட்டாள். முத்து என்றான் அரசன். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது. அரசு தனக்கு எதிரான சான்றைத் தன் அவையிலேயே ஏற்றது. அந்தக் காப்பியத்தின் அறம் அந்த ஓர் ஏற்பில் அடங்கியிருக்கிறது. மதுரையில் பிறந்த கண்ணபிரான் நாற்பதாண்டுகள் செய்த முயற்சி, இன்றைய அரசையும் அந்த இடத்திற்கு, சான்றைப் பார்த்தே ஆக வேண்டிய இடத்திற்கு, இழுத்து வருவதுதான்.

அதற்கான முதல் பெரிய வாய்ப்பு அவசரநிலை முடிந்த பிறகு வந்தது. 1975 சூன் முதல் 1977 மார்ச்சு வரை இந்நாட்டில் அடிப்படை உரிமைகள் முடக்கப்பட்டிருந்தன. காரணமின்றிச் சிறை வைக்கப்பட்டவன் நீதிமன்றத்தை நாடக்கூட உரிமையில்லை என்று 1976 ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஐவரில் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். அத்தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகச் சொல்ல 2017 வரை, நாற்பத்தொரு ஆண்டுகள், ஆயின.

அந்த இருண்ட நாள்களில் ஆந்திரத்தில் இளைஞர் பலர் 'மோதலில்' இறந்ததாக அறிவிக்கப்பட்டிருந்தனர். அவற்றை ஆராய 1977-இல் செயப்பிரகாசு நாராயணரின் முயற்சியால், முன்னாள் நீதிபதி வி.எம். தார்குண்டே தலைமையில் ஒரு குடிமக்கள் குழு அமைந்தது. கண்ணபிரான் அதில் முக்கியப் பங்காற்றினார். குழுவினர் ஊர் ஊராகச் சென்று பார்த்தவர்களைக் கண்டு சாட்சியம் திரட்டினர். மேடக் மாவட்டம் கிராயிப்பள்ளிக் காட்டில் 1975 சூலையில் நான்கு இளைஞர்கள் இறந்தது மோதலில் அன்று, பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றதே என்பது அக்குழுவின் முடிவு. அதன் பிறகே அரசு, உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி வசிட்ட பார்கவா தலைமையில் விசாரணை ஆணையம் வைத்தது. ஆணையத்தின் முன் கண்ணபிரான் சாட்சிகளை நிறுத்தினார். காவல்துறையினரைக் குறுக்கு விசாரணை செய்தார். வெளிப்படையாக நடந்த விசாரணையை மூடிய அறைக்குள் நடத்த அரசு முற்பட்டதும், குடிமக்கள் தரப்பு வெளியேறியது. ஆணையத்தால் யாருக்கும் தண்டனை வரவில்லை. ஆயினும் ஒன்று நடந்தது. அரசு எழுதிய கதைக்கு எதிராக மற்றொரு கதை, சான்றுகளோடு, பொதுமக்கள் முன் எழுதி வைக்கப்பட்டது.

1978-இல் ஆந்திரப் பிரதேச சிவில் உரிமைக் குழுவின் தலைவரானார் கண்ணபிரான். 1994 வரை அப்பொறுப்பில் இருந்தார். அந்தப் பதினாறு ஆண்டுகளே அடக்குமுறையின் கொடுமை உச்சத்தை எட்டிய காலம். அரசுத் துன்புறுத்தல் என்றால் சிறைவாசத்தையே நினைப்பது வழக்கம். கண்ணபிரானுக்கு நேர்ந்தது வேறு வகை. அவரைச் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வீழ்த்தப்பட்டனர்.

1985 செப்டம்பர் 3-ஆம் நாள் வாரங்கல்லில் மருத்துவர் ராமநாதம் கொல்லப்பட்டார். அவர் குழந்தைகள் மருத்துவர். குழுவின் துணைத் தலைவர். நக்சலைட்டுகளால் கொல்லப்பட்ட ஒரு காவல் துணை ஆய்வாளரின் இறுதி ஊர்வலம் அன்று அவ்வழியே சென்றது. அந்த ஊர்வலத்திலிருந்து வந்தவர்களே மருத்துவமனைக்குள் புகுந்து அவரைச் சுட்டதாக உரிமை இயக்கத்தார் குற்றஞ்சாட்டினர். 1986-இல் சாபா லட்சுமா ரெட்டி கொல்லப்பட்டார். 1991-இல் வாரங்கல்லில் வழக்கறிஞர் நர்ரா பிரபாகர் ரெட்டி சுட்டுக் கொல்லப்பட்டார். குழுவின் பொதுச் செயலாளராக இருந்த கணிதப் பேராசிரியர் கே. பாலகோபால், தடா சட்டத்தின்கீழ் சிறைப்பட்டார். பின்னர் கடத்தப்பட்டு மீண்டார். கண்ணபிரான் பொறுப்பிலிருந்து விலகிய பிறகும் இது ஓயவில்லை. 2000 நவம்பரில் புருசோத்தம், 2001 பிப்ரவரியில் ஆசம் அலி என்று சாவுகள் தொடர்ந்தன.

ஒரு வழக்கறிஞரின் வாழ்வில் இதற்கு என்ன பொருள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நேற்று வரை ஒரே மேடையில் அமர்ந்தவனின் சாவுக்கு இன்று மனு எழுத வேண்டும். அந்த மனுவை எழுதுவதாலேயே நாளை தன் பெயரும் அவ்வரிசையில் சேரக்கூடும் என்று அறிந்தே எழுத வேண்டும். கட்சிக்காரர்களைக் கண்காணிக்கிறார்கள், சாட்சிகளை அச்சுறுத்துகிறார்கள், தீவிரவாதிகளின் வக்கீல் என்று பட்டம் சூட்டுகிறார்கள். அந்நிலையில் ஒருவன் கையில் எஞ்சியிருப்பது என்ன? கறுப்பு அங்கியும் அரசமைப்புச் சட்டமுமே. கண்ணபிரான் அந்தச் சட்டத்தை அரசின் உடைமையாகக் கருதியதில்லை. அரசைக் கட்டிப் போட மக்கள் கையில் உள்ள கயிறாகவே கருதினார். 21-ஆம் பிரிவு உயிரைச் சட்டமுறைப்படியன்றிப் பறிக்கக் கூடாது என்கிறது. அது நல்லவனுக்கு மட்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. அவருடைய வாதங்கள் அனைத்தும் இதனுள் அடங்கும். அவருடைய ஆங்கிலக் கட்டுரை நூலொன்றின் தலைப்பே 'தி வேஜஸ் ஆஃப் இம்ப்யூனிட்டி' என்பது. தண்டனைக்கு அஞ்ச வேண்டாத அதிகாரம் ஒரு சமூகத்திற்கு எதைக் கூலியாகத் தரும் என்பதே அதன் பொருள்.

இங்கே ஒரு கடினமான வினாவைத் தவிர்த்துவிட்டுச் செல்வது நேர்மையாகாது. துப்பாக்கி ஏந்தியவர்களும் மனிதரைக் கொன்றார்களே, காவலர் குடும்பங்களும் கதறியழுதனவே, அவர்களுக்கு உரிமை இல்லையா என்று கண்ணபிரானிடம் பலரும் கேட்டார்கள். கேட்டது நியாயமே. கொலை செய்த தனிமனிதனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது, சிறை இருக்கிறது, காவல்துறை இருக்கிறது; அரசே கொலை செய்தால் அதைத் தண்டிக்க யார் இருக்கிறார் என்பதே அவர் நின்ற இடம். அரசமைப்பின் மீது உறுதிமொழி எடுத்துக்கொண்டது அரசு. சட்டத்தை மறுத்துக் காட்டுக்குச் சென்றவனோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்ளும் அரசு, தன் தகுதியைத் தானே குறைத்துக்கொள்கிறது.

இந்த விடை எல்லோரையும் நிறைவு செய்யவில்லை. உரிமை இயக்கத்துள்ளேயே விவாதம் மூண்டது. போராளிகளின் வன்முறையையும் அதே தராசில் நிறுக்க வேண்டும் என்று கருதிய பாலகோபால் முதலானோர் பிரிந்து, 1998-இல் மனித உரிமை மன்றம் என்ற தனியமைப்பைக் கண்டனர். இரு தரப்பிலும் நேர்மை இருந்தது. கண்ணபிரானும் வன்முறைச் சுழலிலிருந்து வெளிவரும் வழியைத் தேடாமல் இல்லை. முன்னாள் ஆட்சிப்பணி அதிகாரி எஸ்.ஆர். சங்கரன் தலைமையில் 1997-இல் தொடங்கிய அக்கறையுள்ள குடிமக்கள் குழுவில் அவரும் உறுப்பினர். அரசுக்கும் நக்சலைட்டுகளுக்கும் இடையே 2004-இல் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பாதை அமைத்தவர்கள் அக்குழுவினரே. பேச்சு முறிந்தது. ஆனால் பேசலாம் என்பதே அதுவரை யாரும் நம்பாத ஒன்று.

1995 முதல் 2009 வரை கண்ணபிரான் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் அகில இந்தியத் தலைவராக இருந்தார். 2002 குசராத் படுகொலைகளை ஆராய்ந்த குடிமக்கள் தீர்ப்பாயத்தில், நீதிபதி வி.ஆர். கிருட்டிண ஐயர் முதலானோருடன் அவரும் அமர்ந்தார். அவர் தன்வரலாறு முதலில் தெலுங்கில் வெளிவந்தது. மகள் கல்பனா கண்ணபிரானின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2022-இல் வந்தது. பிறந்த மண்ணின் மொழியில் அது முழுமையாகப் படிக்கக் கிடைப்பது நன்று.

இனித் தருமபுரிக்கு வரலாம். இம்மாவட்டம் ஆந்திரத்தின் கதையை அயலார் கதையாகக் கேட்க முடியாது. 1980-இல் இங்கும் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்திலும் நக்சலைட்டுகளை ஒடுக்கக் காவல்துறை இறங்கியபோது, அதே 'மோதல்' என்ற சொல்லின் கீழ் இளைஞர்கள் புதைக்கப்பட்டனர். 2004 அக்டோபர் 18 இரவு வீரப்பனும் கூட்டாளிகள் மூவரும் சுடப்பட்டது பாப்பாரப்பட்டியில். அவனைத் தேடிய ஆண்டுகளில் இரு மாநில அதிரடிப்படைகளும் மலைவாழ் மக்களுக்கு இழைத்த கொடுமைகளைத் தேசிய மனித உரிமை ஆணையம் நியமித்த சதாசிவா குழு விசாரித்தது. 2007-இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க ஆணையம் கூறியது. அந்தக் கொடுமைகளைச் 'சோளகர் தொட்டி' என்ற புதினமாக 2004-இல் தந்த ச. பாலமுருகன் ஒரு வழக்கறிஞர், சிவில் உரிமை இயக்கத்தவர். நீதிமன்றத்தில் எழுத முடியாததைப் புதினத்தில் எழுத நேர்ந்தது.

ஆனால் தருமபுரியின் பெயர் நாட்டின் சட்ட வரலாற்றில் நிலைபெற்றது வாச்சாத்தியால். அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடி மக்களின் சிற்றூர் அது. 1992 சூன் 20-ஆம் நாள், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர் அங்கே புகுந்தனர். மக்களை ஆலமரத்தடியில் திரட்டி அடித்தனர். இளம்பெண்கள் பதினெண்மரைத் தனியே இழுத்துச் சென்று பாலியல் வன்கொடுமை செய்தனர். வீடுகளை இடித்தனர், தானியத்தைப் பாழாக்கினர், கிணற்றைக் கெடுத்தனர். இறுதியில் குழந்தைகள் உட்பட 133 பேரைச் சிறைக்கு அனுப்பினர். எழுதப்பட்ட வழக்கு எது? சந்தனம் கடத்தியதாக ஊர் மக்கள் மீது எழுதப்பட்ட வழக்கு. எழுதப்படாத வழக்கு எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அரசு மறுத்தது. அதிகாரிகள் மறுத்தனர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் ஊருக்குச் சென்று உண்மையை வெளிக்கொணர்ந்தனர். மார்க்சியக் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த அ. நல்லசிவன் நீதிமன்றம் சென்றார். தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் அதிகாரி பி. பாமதி நேரில் வந்து விசாரித்து அறிக்கை தந்தார். 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. அதன் பிறகுதான் 269 பேர் குற்றவாளிகள் பட்டியலில் எழுதப்பட்டனர்.

எழுத்தறிவு வாய்க்காத பெண்கள் ஆண்டுக்கணக்கில் தருமபுரி நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினர். குறுக்கு விசாரணையில் தங்களுக்கு நேர்ந்ததை அயலார் முன் மீண்டும் மீண்டும் சொன்னார்கள். ஆசை வார்த்தையும் அச்சுறுத்தலும் அவர்களைப் பிறழ வைக்கவில்லை. தமிழ்நாட்டின் வழக்கறிஞர்கள் ஊதியம் கருதாமல் உடன் நின்றனர். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி முதன்மை மாவட்ட நீதிபதி எஸ். குமரகுரு தீர்ப்பளித்தார். 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. பாலியல் வன்கொடுமைக்காகப் பதினெழுவரில் பன்னிருவருக்குப் பத்தாண்டும் ஐவருக்கு ஏழாண்டும் சிறை. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29-இல், நீதிபதி பி. வேல்முருகன் ஊரை நேரில் பார்வையிட்ட பின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அன்றைய மாவட்ட உயர் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டார். குற்றம் நடந்து முப்பத்தோராண்டு கடந்திருந்தது.

கண்ணபிரான் 2010 திசம்பர் 30-இல் மறைந்தார். வாச்சாத்தித் தீர்ப்பு ஒன்பது மாதம் கழித்து வந்தது. சீருடை அணிந்தவர்களும் குற்றவாளிக் கூண்டில் ஏறலாம், சான்றின் பேரில் தண்டனை பெறலாம் என்று அவர் சொல்லிவந்ததற்கு, இந்தியாவில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு காண்பது அரிது.

அவருடைய மற்றொரு போராட்டமும் சிறிது சிறிதாகவே நகர்ந்தது. ஆந்திர உரிமைக் குழு கொடுத்த புகார்களின் பேரில் தேசிய மனித உரிமை ஆணையம் 1996-இல் ஆராய்ந்து, 1997 மார்ச்சில் அனைத்து முதலமைச்சர்களுக்கும் நெறிமுறைகளை அனுப்பியது. அக்குழு தொடர்ந்த வழக்கில் 2009 பிப்ரவரி 6-இல் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, மோதல் சாவு ஒவ்வொன்றிலும் சுட்டவர் மீது வழக்குப் பதிவாக வேண்டும், தற்காப்பு என்பதை விசாரணை மன்றத்தில்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பின்னர் 2014 செப்டம்பர் 23-இல், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த மற்றொரு வழக்கில், மோதல் சாவுகளுக்கு முதல் தகவல் அறிக்கையும் தனிப் புலனாய்வும் குற்றவியல் நடுவர் விசாரணையும் வேண்டும் என்று பதினாறு நெறிகளை உச்ச நீதிமன்றமே வகுத்தது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. கேட்காதிருந்தால் எதுவும் கிடைத்திராது.

நெறிகள் வந்துவிட்டன, மக்கள் மனம் வந்துவிட்டதா? 2019 நவம்பரில் ஐதராபாத் அருகே இளம் மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. பிடிபட்ட நால்வரும் திசம்பர் 6 விடியலில் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். காவலர்கள் மீது மக்கள் மலர் தூவினர். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடே சுட்டனர், காவல்துறை சொன்ன கதை நம்பத்தக்கதன்று என்று கூறியது. அந்த அறிக்கை 2022-இல் வெளிவந்தது. கண்ணபிரான் வாழ்ந்து வழக்காடிய நகரின் அருகிலேயே இது நடந்தது.

அந்த மலர்களை வாச்சாத்தியின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாச்சாத்தியில் வன்கொடுமை செய்தவர்கள் சீருடை அணிந்தவர்கள். விசாரணையே வேண்டாம், சுட்டால் போதும் என்ற நீதி நாட்டில் நிலைத்திருந்தால், துப்பாக்கி யார் கையில் இருந்திருக்கும்? அந்தப் பெண்களின் கையில் இராது. அவர்களுக்குத் துணை நின்றது ஒன்றே: பொறுமையான, சலிப்பூட்டும், முப்பதாண்டு இழுக்கும் விசாரணை. 269 பேருக்கும் வழக்கறிஞர் வைக்க உரிமை இருந்தது; மறுத்துப் பேச உரிமை இருந்தது; மேல்முறையீட்டுக்கு உரிமை இருந்தது. அந்த உரிமைகளையெல்லாம் தாண்டி நின்றதால்தான் பெண்களின் சொல் யாராலும் அசைக்க முடியாத சொல்லாயிற்று. விரைந்த நீதி வலியவனுக்கே விரைந்து உதவும். எளியவனுக்கு உதவுவது, எல்லோருக்கும் ஒன்றான விசாரணை. அது இத்தனை காலம் இழுப்பது கொடுமைதான். அதைக் குறைக்கப் போராட வேண்டும். விசாரணையையே கைவிடுவது அதற்கு மருந்தாகாது.

ஓர் இலக்கிய வட்டத்திற்கு இதில் வேலை உண்டு. எது எழுதப்படுகிறது, எது எழுதப்படாமல் விடப்படுகிறது என்பதே கண்ணபிரான் நடத்திய போரின் உட்பொருள். காவல் நிலையத்துத் தாளில் எழுதப்படாததை அவர் நீதிமன்றத்து மனுவில் எழுதினார். இம்மாவட்டத்தில் 1980-ஐ நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் உள்ளனர். சித்தேரி அடிவாரத்தில் சாட்சி சொன்ன பெண்கள் இன்னும் உள்ளனர். அவர்கள் சொல்லைக் கேட்டு, மாற்றாமல், அழகுபடுத்தாமல் எழுதி வைப்பது தருமபுரியில் எழுதுவோர் கடமை. அடுத்த பத்தாண்டு நிறைவு மலர் வெளிவரும்போது அதில் அத்தகைய பக்கங்கள் சில இருக்குமானால், மதுரையில் பிறந்து ஐதராபாத்தில் மறைந்த அந்த வழக்கறிஞருக்கு இவ்வட்டம் செய்யும் மரியாதை அதுவாகும்.